இருபத்திரண்டு சென்டிமீட்டர்

காலை ஏழு மணிக்குக் கடலில் துளை போடுகிறவன் நான்.
துரப்பணத்தை நிறுத்தி, அளவுகோலை இறக்கி,
கையுறையைப் பல்லால் கழற்றி
ஹெல்வேக்கு எண்ணைச் சொல்வேன்.
கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம்
அவள் அதைச் சொல்வாள்.

பனிச்சாலை திறந்தாயிற்றா?
ரோஹுகுலாவிலிருந்து ஹெல்தெர்மாவுக்கு
கடல்மேலேயே காரில் வரலாமா?
நாளைக்கு? சனிக்கிழமை? மாடுகளோடு?
நாளொன்றுக்கு நூறு, நூற்றுப்பத்து வரும்.
ஐந்து மணிக்கு அவள் கோட்டை மாட்டும்போது
பெட்டியில் ஒன்றும் இருக்காது.

பெரிய வித்தை எதுவும் இல்லை.
ஒரு கடிதத்தை ஒரு தடவைதான் திறப்பாள்.
பதில் தெரிந்தால் பதில்.
தெரிந்தவர் வேறொருவர் என்றால் அவருக்கு.
அப்புறம் அது அங்கே இருக்கக் கூடாது.
"பனிமேல் வண்டி நிற்கலாமா?" என்பாள்,
"நின்றால் கனமெல்லாம் ஒரே இடத்தில் இறங்கும்."
எங்கள் சாலை விதிதான்.
சீட் பெல்ட் போடாதீர்கள் என்பதற்குக் கீழே
பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

என் பெட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
ஒரே ஒரு முறை ஸ்கீ வாங்கிய கடை
ஆறு வருடமாக என்னை நலம் விசாரிக்கிறது.
பிறகு படிக்கலாமென்று நட்ட சிவப்புக் கொடிகள்
எந்த நாட்டைப் பிடித்தேன் என்று
எனக்கே தெரியாதபடி வரிசையாய் நிற்கின்றன.

ஜனவரி பதினொன்று. உகு என்று ஒருவர் எழுதினார்:
கார் ஆயிரத்து எழுநூறு கிலோ.
பின்வண்டியில் பியானோ. இருநூற்று முப்பது.
நான் எழுபத்தெட்டு.
அதிகம் என்றால் என்னைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போனில் படித்துக்காட்டிச் சிரித்தாள் ஹெல்வே.
அப்போது யார் ஓட்டுவது என்று தட்டினாளாம்.
அழித்தாளாம்.
இருபத்திரண்டு ஆனதும் சொல்கிறேன் என்று தட்டி
அதையும் அழித்தாளாம்.
ஆகாத எண்ணை எப்படி எழுதுவது?

பதினான்கு. பதினாறு. பதினாறரை.
தெற்கிலிருந்து காற்று.
பன்னிரண்டு.

மற்றதெல்லாம் போயிற்று, அந்தக் கடிதம் நின்றது.
மாலைதோறும் அவள் திரையில் ஒன்று.
எனக்கு முன்பே அவள் அழைக்கத் தொடங்கினாள்.
"எவ்வளவு?"
முன்பும் இதே சொல்தான்,
ஆனால் அப்போது எண் சொன்னதும் வைத்துவிடுவாள்.
ஒரு நாள் பதினேழரையைப் பதினெட்டு என்றேன்.
அரசாங்கத்துக்கு நான் சொன்ன பொய்
அது ஒன்றுதான், அரை சென்டிமீட்டர்.

பிப்ரவரி கடைசியில் ஒன்பது.
மார்ச்சில் என் துளைகள் இருந்த இடத்தில்
வாத்துகள் மிதந்தன.
அந்த வருடம் சாலை திறக்கவே இல்லை.

கப்பலில் வாருங்கள் என்று எழுதினாள்.
கையெழுத்துக்கு முன்னால் என்ன போடுவதென்று
நெடுநேரம் யோசித்ததாகச் சொன்னாள்.
மறுநாள் பதில்:

பியானோ போன மாதமே கப்பலில் வந்துவிட்டது.
சுருதி கலைந்திருக்கிறதாம்.
நான் மட்டும்தான் இன்னும் இந்தக் கரையில்.

ஐந்து மணி ஆயிற்று.
ஹெல்வே ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டு
மறு கை வெளியே இருக்க
திரும்பி வந்து அதைத் திறந்தாள்.
இரண்டாம் தடவை.
நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விளக்கை அணைத்தபோதும்
திரையில் அந்த ஒன்று இருந்தது.

அன்றிரவு ஸ்கீ கடையின் கடிதத்தைத் திறந்து
எறும்பெழுத்தில் அடியில் ஒளிந்திருந்த
விலகு என்பதைத் தேடி அழுத்தினேன்.
வருத்தப்பட்டது.
போவதற்குக் காரணம் கேட்டது,
தேர்ந்தெடுக்க நான்கு கொடுத்தது.
நான்கும் இல்லை.
கீழே இருந்த வெற்றுக் கட்டத்தில்
எடை என்று எழுதினேன்.