ஐஸ் வாடிச் சல்லி

ஜவாஹிர் நானாவின் ஐஸ் வாடியில்
ஒரு கட்டிக்கு ஒரு தகரவில்லை.
வள்ளக்காரர் முன்பணம் கட்டி வாங்குவது.
நடுவில் ஆணித்துளை,
விளிம்பு விரலைக் கீறும்.

கையில் நோட்டு நில்லாத அந்த ஆவணியில்
திருக்கடலூர் அதைச் சல்லியாக்கியது.
யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.
மரியதாஸ் ஒன்றை நீட்டி
பத்து இடியப்பம் எடுத்தான், சம்பலோடு.
நான் அதைத் தையல்கார ஜெசிந்தாவுக்கு.
அவள், மகன் தலைமயிர் வெட்ட, சிறிபாலவுக்கு.
அவன் அந்தியில்
ஒரு பாரையோடு வீட்டுக்குப் போனான்.
பாரை விற்றவன் மறுநாள்
வில்லையை ஐஸாக்கினான்.

வங்கி நோட்டு அப்படியில்லை.
விடிய வரும்,
இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்கு ஏறிவிடும்.
வில்லைக்கோ
சீனக்குடா தாண்டினால் பேரே கிடையாது,
பிள்ளைகள் சுண்டி விளையாடும் வெறுந்தகரம்.

சேர்த்து வைக்கப் பார்த்தவர் ஒருவர்தான்,
சங்கத்துக் கணக்கப்பிள்ளை.
பால்மா டின்னில் நாற்பது.
உப்புக்காற்று டின்னுக்குள்ளும் போனது.
துருப்பிடித்ததை நானா எடுப்பதில்லை.

பிறகு புயலடித்து மூன்று நாள் கறண்ட் இல்லை.
வாடியில் ஐஸ் இல்லை,
தரையில் ஈரங்கூட இல்லை.
என் பெட்டிக்குள் ஏழு வில்லை.
அன்றைக்குத்தான் பயந்தேன்.

சட்டைக் கூலிக்கு ஜெசிந்தா வந்தாள்.
முகம் பாராமல் இரண்டை வைத்தேன்.
விரலால் தடவி எண்ணி
ஒன்றை என் பக்கம் தள்ளினாள்:
"போனகிழமை ஒண்டு
கூடத் தந்திட்டியள்."