அரை இஞ்ச் வாஷர்

மூன்று நாளாக
வந்துகொண்டே இருக்கிறார் டில்லிபாபு.
"மூலகொத்தளம் தாண்டிட்டேன்க்கா."
"கொருக்குப்பேட்டை கேட்டு போட்டுட்டான்க்கா,
கூட்ஸு போவுது."
எவ்வளவு நீளமான கூட்ஸோ.
நாலாம் நாள் போன் நின்றுவிட்டது.
குழாய்தான் நிற்கவில்லை.

சொட்டுக்குக் கீழே பச்சைக் குடம் வைத்தேன்.
விடிவதற்குள் நிரம்பியது,
பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொண்டேன்.
தண்டையார்பேட்டையில்
சும்மா வருகிற தண்ணீரை யார் திட்டுவார்கள்?
மாதக் கடைசியில் லாரித் தண்ணிக் காசை
ஐந்து வீட்டுக்குப் பங்கு போட்டபோதுதான்
எல்லாரும் ஒரே நேரத்தில்
என் வாசலைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் கேட்டார்:
"அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?"
கட்டைவிரலைக் காட்டினேன்.
"இவ்ளோதான் இருக்கும்."
"வீட்ல ஆம்பள இல்லியாம்மா?"
"இருக்காரு. ஹார்பர்ல நைட் ஷிப்டு.
அவருக்கும் தெரியாது."
கறுப்பு ரப்பர் வட்டம் இரண்டு,
டெஃப்லான் டேப் ஒன்று,
சில்லறை இல்லாததற்கு ஒரு மிட்டாய்.
ஸ்பேனர் மட்டும்
எதிரில் பஞ்சர் கடையில் இரவல்.
"சாயங்காலம் தந்துடணும், ஆமா."

மொட்டைமாடியில் கேட் வால்வு.
கட்டடம் எழும்பிய நாளிலிருந்து
யாரும் தொடாத சக்கரம்.
தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
மணலிப் பக்கமிருந்து கேஸ் நாற்றம்.
தூரத்தில் துறைமுகக் கிரேன்
நாற்பதடிப் பெட்டியைத் தூக்கி
பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்தது.
எனக்கு இது கால் சுற்று நகர
இரண்டு கையும் ஒரு துண்டும்
கொஞ்சம் கெட்ட வார்த்தையும் வேண்டியிருந்தது.

நகர்ந்தது.
மூன்றாம் மாடியில்
கண்ணெல்லாம் சோப்போடு செலின் டீச்சர்:
"யாருடீ அது?"
"அஞ்சே நிமிஷம் டீச்சர்!"
அந்த ஐந்து நிமிஷம்
படி இறங்க இறங்க வளர்ந்து
தரைத்தளம் சேர்வதற்குள்
"ரெண்டு நாளைக்குத் தண்ணி கட்டாம்" ஆகியிருந்தது.
டீச்சர் கண்ணுக்காகத் திறந்துவிட்டேன்.
ஐந்து வீட்டிலும்
குடம், அண்டா, குக்கர்,
எத்திராஜுலு வீட்டில்
மீன் செத்துக் காலியாயிருந்த கண்ணாடித் தொட்டி,
எல்லாம் நிரம்புகிற சத்தம்.
அடங்கியபின் மறுபடி மூடினேன்.

குழாயின் கழுத்தைத் திருகிக் கழற்றினால்
உள்ளே பழைய வாஷர்,
நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் பிய்ந்து,
மென்று துப்பிய பாக்குபோல.
இத்தனூண்டு.
இதற்கா முந்நூறு ரூபாய் கேட்டார் டில்லிபாபு?
புதியதை வைத்தேன்.
மரையில் டேப்பைச் சுற்றி முடுக்கினேன்.
முடுக்க முடுக்க அது பிரிந்து
சேமியாவாக வெளியே வந்தது.
எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறேன்.
யாரும் பார்க்கவில்லை.
பிய்த்தெறிந்து
கடிகாரம் போகிற பக்கமாக,
வாய்க்குள் எண்ணியபடி, பன்னிரண்டு சுற்று.

மாடிக்கு ஓடி வால்வைத் திறந்து
கீழே ஓடி வந்து குழாயைத் திருப்பினேன்.
ஹ்ஹா, என்றது.
அவ்வளவுதான். வெறும் காற்று.
டேங்கை வழித்தெடுத்துவிட்டார்கள்.
சரியாகிவிட்டதா என்று
எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
சமையல் மேடைக்குக் கீழேயே
பாயை விரித்தேன்.

விடியற்காலை நாலேகால்.
மெட்ரோ வாட்டர் வந்து
எத்திராஜுலு மோட்டார் போட்டு
டேங்கில் விழுகிற சத்தம் கேட்டது.
குழாய் இருமியது. துருவைத் துப்பியது.
பிறகு, குளோரின் வாசனையோடு, தண்ணீர்.
இரண்டே விரலால் மூடினேன்.
நின்றது.
எண்ண ஆரம்பித்தேன்.
ஷிப்டு முடிந்து வந்தவர்
ஒரு செருப்பைக் கழற்றியபடி,
"இருட்டுல இன்னா பண்ற?"
"உஷ். எண்பத்தேழு."
அவரும் குனிந்து பார்த்தார்,
இன்னொரு செருப்போடு.

நூற்றுப்பத்தில்,
குழாயில் இல்லை, அதற்குக் கீழே,
சுவரோரம் வளைகிற எல்போவில்
ஒரு சொட்டு திரண்டது.
தயங்கியது. விழுந்தது.

பச்சைக் குடத்தை அங்கே நகர்த்தினேன்.
கட்டைவிரலை வைத்துப் பார்க்கவில்லை.
அது முக்கால் இஞ்ச்.
ஸ்பேனரை இன்னும் திருப்பித் தரவில்லை.