தும்பிக்கை இல்லாத லை

கஸ்பாவில், பள்ளிவாசல் சந்து திரும்பும் இடத்தில்
புதைந்துபோன வால்வைத் தேடித்தான் போனோம்.
வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது.
கருவி வாடகைக்கு வந்தது,
நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு.
காதுக்குள் கீச்சென்றதும் கை காட்டினேன்,
முனிரத்தினம் கடப்பாரையை இறக்கினான்.
முழங்கால் ஆழத்தில்
வால்வு இல்லை, ஒரு பூட்டு.
துரு மூடி, ஒரு மண்கட்டிக்கு மேல்
கொஞ்சம் கூடுதல் கனம்.

கூட்டம் சேர்ந்துவிட்டது.
"கோட்டைப் பூட்டு மேடம். சிப்பாய்க் கலகம்,
ஆயிரத்து எண்ணூத்து ஆறு, ஜூலை பத்து"
என்றார் டிரைவர் எத்திராஜுலு,
கூடவே நின்று பூட்டியவர் போல.
லாங் பஜார் பழம்பொருள் கடை சபியுல்லா
தொடாமலே மூவாயிரம் என்றார்,
தொட்டபின் நானூறு.

இரவு வாளியில் சலவைச் சோடா கரைத்து
பழைய பேட்டரி சார்ஜரின் ஒரு கவ்வியைப் பூட்டில் மாட்டினேன்,
மற்றதை உடைந்த அரிவாளில்.
குளியலறைக் கதவில் சீட்டு ஒட்டினேன்:
யாரும் உள்ளே வரவேண்டாம், மின்சாரம்.
விடியும்வரை சின்னச் சின்னக் குமிழிகள்.

காலையில் துரு சேறாய்க் கழன்றிருந்தது.
சாவித்துளையின் பித்தளை மூடி ஒற்றை ஆணியில் தொங்கியது.
கம்பி விட்டு எண்ணினேன், ஆறு லீவர்.
இரு தகடும் இயந்திரம் அழுத்தியவை, மயிரிழை பிசகவில்லை.
அங்கேயே கலகம் கலைந்தது.
வெள்ளைக்காரனுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இடமிருந்தது.

திருப்பினேன்.
முதுகில் உளியால் யாரோ
புள்ளி புள்ளியாய் அடித்திருந்தார்கள்:
தலைமை.
நடுவில் நின்ற லை
தும்பிக்கை தூக்கிய பழைய லை அல்ல,
இரட்டைச் சுழி முன்னால் வைத்து
பள்ளியில் நான் எழுதிய அதே லை.
எழுபத்தெட்டுக்குப் பிறகு வந்தது.
(சுயமரியாதைக்காரர்கள் முன்பே அப்படி எழுதினார்கள்.
நகராட்சிப் பட்டறையில் ஒருவர் இருந்திருக்கலாம்.
அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.)

வளையத்தில் ரம்பத் தடம் இரண்டு.
முதலாவது அரை விரல் தள்ளி, கோணலாய், ஆழமில்லாமல்.
கை நடுங்கியிருக்கும்,
அல்லது யாரோ சைக்கிளில் கடந்திருப்பார்கள்.
இரண்டாவது முக்கால் பங்கு போயிருக்கிறது.
மிச்சத்தைப் பொறுமையில்லாமல் முறுக்கி ஒடித்திருக்கிறார்கள்.

பதிவேடு மாடிப்படிக்குக் கீழே கிடைத்தது.
எண்பத்து மூன்று, மே மாதம்.
கஸ்பா தலைமை வால்வு.
பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை திறப்பு.
பூட்டு ஒன்று, விலை ரூபாய் பதினான்கு பைசா ஐம்பது.
இரவில் மர்ம நபர்களால் அறுக்கப்பட்டது.
விடியும்வரை நீர் விரயம்.
சாட்சி என்ற கட்டத்தில் ஒரு கோடு.

விரயமாம்.
எந்தெந்த வீட்டில் எத்தனை குடம், அண்டா,
குழந்தை குளிக்கும் தொட்டி, சோறு வடிக்கும் சட்டிவரை
அன்றிரவு நிறைந்தன என்று எழுத
அந்தக் குமாஸ்தாவுக்குக் கட்டம் இல்லை.

"எண்பத்து மூணா?" என்றார் எத்திராஜுலு.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
துடைத்திருந்த வண்டியை
மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் குழியை மூடுமுன்
கருவியை இன்னொரு தரம் காட்டினேன்.
ஒரு சாண் தள்ளிக் கீச்சு.
வால்வுதான் என்றான் முனிரத்தினம்.
இன்னொரு பூட்டு.
பெரிது, எட்டு லீவராவது இருக்கும்.
வளையம் அறுந்திருந்தது.
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
ஒரே தடம், நேராக.