கம்பளி கழித்து

ஆனி மாதம், தந்தி வந்த மறுநாள்,
தம்புச்செட்டித் தெருவில்
சமாதானத்தை நான்தான் கோர்த்தேன்.
ஐந்தே எழுத்து. முதல் எழுத்து மூக்குடைந்த ச.
நாலு வருஷமாய்ப் புது ஈயம் வரவில்லை,
எல்லாம் குண்டாகப் போயிற்று என்றார் போர்மேன்
(யுத்தத்துக்கு முன்பும் அவருக்கு அதே பட்டம்தான்).

சீமையில் ஒரு கண்ணாடி மண்டபமாம்,
அதில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்களாம்.
எனக்கென்ன வியப்பு?
பதினாறு வருஷமாய் உலகத்துச் சேதியெல்லாம்
இடவலம் மாறித்தான் என் கைக்கு வருகிறது.

நானூற்றுச் சொச்சம் ஷரத்து.
எங்கள் தாளில் அதற்கு முக்கால் பத்தி.
எந்தச் சுரங்கம் யாருக்கு, எத்தனை கப்பல்,
எத்தனை கறவை மாடு, எத்தனை பொலிகாளை.
மாடுகூடக் கணக்கில் இருந்தது.
கோர்த்து முடித்த பத்தியை விரலால் தடவிப் பார்த்தேன்
பஸ்ரா என்று எங்காவது தட்டுப்படுகிறதா என்று.

அண்ணன் எத்திராஜு கூலிப் பட்டாளத்தில் போனவன்.
ராயபுரத்தில் மூட்டை தூக்கினான்,
பஸ்ராவிலும் மூட்டைதான்.
போகுமுன் கட்டைவிரல் வைத்த தாள்
எங்கள் அச்சுக்கூடத்தில் அடித்தது.
செத்தது வாந்திபேதியில்,
சண்டை நின்ற பதினோராம் நாள்.

அதுதான் சிக்கல் என்றார் கோட்டைக் குமாஸ்தா.
யுத்தத்தில் இறந்தவனுக்குப் பாரம் உண்டு,
சமாதானத்தில் இறந்தவனுக்கு
இன்னும் அச்சாகவில்லை.

ஐப்பசியில் அது அச்சுக்கு வந்தது, என்னிடமே.
ஒரு தாளில் நாலு பாரம்,
ஒவ்வொரு பாரத்திலும் 'மனைவி' ஏழு இடத்தில்.
தும்பிக்கை வைத்த னை கேஸில் இருபத்தொன்றுதான்.
நாலாவது பாரத்துக்கு இல்லை.
கிடைத்த எழுத்தைத் தலைகீழாய்ச் செருகினேன்,
அது எங்கள் தொழில் வழக்கம்.
புரூப் எடுத்தால்
ம, இரண்டு கரிய கட்டை, வி.
ஏழு இடத்திலும் அப்படியே.
அரண்மனைக்காரத் தெரு அச்சுக்கூடத்தில்
ஏழு னை கடன் வாங்கி வந்து ஒப்பேற்றினேன்.

பதினெட்டு ரூபாய் ஆறணா வந்தது,
கம்பளி ஒன்று கழித்து.
அண்ணி தாயாரம்மா அதை மட்டும் கேட்டாள்:
"அந்த ஊர் வெயில்ல கம்பளி எதுக்குங்க?"
ஒப்படைக்கப்படவில்லை என்றார் குமாஸ்தா.
என்னத்தில் வைத்து அவனைப் புதைத்தார்கள் என்று
அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.
கட்டைவிரலை ஊதா மையில் அழுத்தினாள்.
வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுத் தேய்த்தும்
இரண்டு நாள் அது போகவில்லை.

மார்கழியில் சமாதானத் திருவிழா.
எம்டன் குண்டு போட்ட ராத்திரி,
எண்ணெய்த் தொட்டி எரிந்த வெளிச்சத்தில் பிறந்தவன்
அண்ணன் பையன். பள்ளிக்கூடத்தில் பெயர் வேறு,
தெருவுக்கு எம்டன்.
ராஜா தலை போட்ட தகர வில்லை ஒன்று, லட்டு இரண்டு
வாங்கிக்கொண்டு ஓடி வந்தான்.
"நாமதான் செயிச்சமாம்" என்றான், வாய் நிறைய லட்டு.
ராத்திரி கடற்கரையில் வாணம் வெடித்தபோது
எதிர்வீட்டுக்காரர் பெட்டியும் படுக்கையுமாய்
தெருவுக்கே வந்துவிட்டார்.
"சமாதானம் ஐயா, சமாதானம்" என்று கத்தி
உள்ளே அனுப்பினோம்.

அரிசி விலை இறங்கவில்லை.
தை பிறந்து புது ஈயம் வந்தது.
பழைய ச எல்லாவற்றையும் உருக்கச் சொன்னார் போர்மேன்,
உருக்கினோம், மற்ற உலோகம் மாதிரிதான் உருகிற்று.

கடன் வாங்கின எழுத்தைத் திருப்பப் போனேன்.
அவன் உள்ளங்கையில் வைத்து எண்ணினான்.
"ஆறுதானே இருக்கு?"
கழிச்சுக்கோ என்றேன்.