புகைக்கு ஓர் அடுப்பு

அந்த அறை முன்பு சௌசௌ பெட்டிகளுடையது.
கிலோ விலை இறங்கிய வருஷம்
கிளோவிஸ் அதற்குச் சுண்ணாம்பு அடித்தான்.
சலாஸிக்கு ஏறும் பாதையில்
பலகை நட்டது நான்.

ஆய்வாளர் வந்து ஜன்னலை அளந்தார்,
மெத்தையில் இரண்டு முறை குதித்து உட்கார்ந்தார்.
ஓட்டலுக்கு நட்சத்திரம்,
எங்களைப் போன்ற வீடுகளுக்குக் கோதுமைக் கதிராம்.
இரண்டு கொடுத்தார்.
இந்த மலைக்குழியில் கோதுமையை
ரொட்டியாகத்தான் பார்த்திருக்கிறோம்.
மூன்றாவது கதிருக்கு
தலைமுடி உலர்த்தும் கருவி வேண்டுமாம்.
இங்கே போர்வையே உலர்வதில்லை.

வருகிறவர்களுக்கு விறகடுப்புக் கறி வேண்டும்;
பலகையில் கிளோவிஸ் அப்படி எழுதிவிட்டான்.
எனக்கோ காஸ்.
கதவைச் சாத்திக்கொண்டு
மஞ்சள், நசுக்கிய இஞ்சி, தைம்,
சேவல் வேகும்வரை உள்ளேதான்.
வெளியே கொட்டகையில் மூன்று கல்,
ஈரக் கொய்யா விறகு,
வெறும் புகைக்கு.
கடைசிப் பத்து நிமிஷம் சட்டி அங்கே போய் உட்காரும்,
படம் எடுத்து முடிக்கும்வரை.
என்ன மணம், என்பார்கள்.
மணப்பது மரம்.

லியோனிலிருந்து வந்த ஒருத்தி கேட்டாள்,
உங்கள் குடும்பப் பெயர் தமிழாயிற்றே, பேசுவீர்களா?
கறி, முருங்கை, ருகாய் என்றேன்.
ருகாய் என்பது ஊறுகாய் என்று
அவள்தான் சொன்னாள், புத்தகம் பார்த்து.
அன்றைக்கு அவளுக்குக் கூட ஒரு கரண்டி.

பிப்ரவரியில் புயல்.
ஆற்றோரப் பாதை இரண்டு இடத்தில் சரிந்தது.
மூன்று இரவுக்கு வந்த ஒடீலும் பெர்த்ரானும்
ஏழு இரவு மாட்டிக்கொண்டார்கள்.
காஸ் தீர்ந்தது.
கொட்டகை யார் தோட்டத்துக்குப் போனதோ.
மூன்று கல்லையும் அவர்கள் அறை வாசலில் வைத்தேன்,
நனையாத இடம் வேறில்லை.
பந்தல் மொத்தமும் தரையில்.
விழுந்த கொடியில் கொழுந்து கிள்ளினோம்,
ஒடீலுக்குக் கிள்ளத் தெரியவில்லை,
தண்டோடு பிடுங்கினாள்.
பெர்த்ரான் தன் மலைப்பாதை வரைபடத்தால்
அடுப்பை விசிறினார்.
யாரும் படம் எடுக்கவில்லை, போனில் உயிரில்லை.
கறி அடிப்பிடித்தது.
விறகில் சமைத்து எனக்குப் பழக்கமில்லை என்று
அப்போதுதான் சொன்னேன்.
பெர்த்ரான் விசிறுவதை நிறுத்தவில்லை.

பாதை திறந்த காலை
கிளோவிஸ் ஏழு இரவு எழுதினான்.
நான் இரண்டை அடித்தேன்.
அவன் ஒன்றைத் திரும்பச் சேர்த்தான்.
ஆறுக்குக் கொடுத்தார்கள்.
விருந்தினர் குறிப்பேட்டில் ஒடீலின் கையெழுத்தில் ஒரே வரி:
புகை கொஞ்சம் அதிகம்.

பந்தலுக்குக் கம்பி வாங்கினோம்.
பாதிக்குத்தான் வந்தது.