கேஸ் பில்லின் பின்பக்கம்

அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிய அட்டையில்
இரண்டு வயதுக்கு ஐம்பது சொல்.
கேஸ் பில்லின் பின்பக்கம்
அடித்து அடித்து எழுதிப் பார்க்கிறேன்.
ஜோவிட்டாவிடம் இருப்பது பதினொன்று.

அதிலும் 'தண்ணி' ஒன்றே
ஆறேழு வேலை பார்க்கிறது.
தண்ணி லாரி தண்ணி.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரும் தண்ணி.
மழை, டம்ளர், ஷமீம் வீட்டு ஸ்கூட்டர்,
நைட் ஷிப்ட் முடித்து
ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கும் அவள் அப்பா,
எல்லாம் தண்ணி.
"தெருவுல இன்னா நெனைப்பாங்க" என்றார் அவர்,
வாயை ஊதிக் காட்டியபடி.

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
கூட்ஸ் வண்டிக்கு ஒரு சத்தம் வைத்திருக்கிறாள்.
உதட்டைக் குவித்து, கன்னம் அதிர,
கடைசிப் பெட்டி போகும்வரை.
இது சொல்லில் சேருமா?
தவமணி டீச்சர் யோசித்துச் சொன்னார்:
"எழுதிக்கோ. பென்சில்ல."

பல் மட்டும் தாராளம். பதினாறு.
திங்கட்கிழமை அஃப்ராவின் முன்கையில்
அரைவட்டமாய் எட்டுப் புள்ளி.
"கொழந்தைதானே" என்றாள் ஷமீம்
ஐஸ் ஒத்தியபடி.
அப்புறம் இரண்டு நாள்
அவர்கள் கதவு திறக்கவே இல்லை.

கடிக்குமுன் இவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.
தொண்டைவரை ஏதோ வந்து நிற்கும்,
மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம்
சைரன் போட்டுக்கொண்டு நிற்கிற
ஆம்புலன்ஸ் மாதிரி.

வியாழன். லாரி. குடங்களின் வரிசை.
இவளுடைய சின்ன மஞ்சள் குடத்தின் மேல்
அஃப்ரா காலை வைத்தாள்.
முகம் சிவந்தது. வாய் திறந்தது.
நான் ஓடினேன், என் குடம் உருண்டது.

"நவுலு!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.
இதே லாரிக்கு முன்னால்
ஐந்து வருடமாய் நான் கத்துகிற கத்தல்.
அதே இடுப்பில் கை. அதே புருவம்.
எங்கே மூஞ்சியை வைத்துக்கொள்வது?
அஃப்ரா நகர்ந்தாள்.
கை முழுசாக இருந்தது.
ஷமீம்தான் முதலில் சிரித்தாள்.

'ரு' போடுவதா, 'லு' போடுவதா?
அவள் சொன்னபடியே எழுதினேன், பேனாவில்.
இதில் தண்ணி பிடிக்க மறந்துபோனேன்.

ராத்திரி
காலிக் குடத்துக்குள் முகத்தை நுழைத்துச்
சொல்லிக்கொண்டே இருந்தாள்
நவுலு, நவுலு.
குடமும் விடவில்லை,
திருப்பிச் சொன்னது.