உத்ரே

ஜூர்ஜு நகரம், டான்யூபிலிருந்து மூன்றாவது தெரு,
நாலு மாடிக்கு மேலே மொட்டைமாடி.
எண்பத்தாறில் நான்
பகலில் கப்பல் பட்டறையில் மின்பணியாளன்,
இருட்டிய பிறகு ஆன்டெனாக்காரன்.

எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி
ஒரு நாளுக்கு இரண்டே மணிநேரம்.
அதில் முக்கால்வாசி ஒருவரே வருவார்.
பேர் வேண்டாம்,
அப்போதும் நாங்கள் சொன்னதில்லை.
மீதி நேரம் கோதுமை.
ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று
அறிவிப்பாளர் வாசிக்க வாசிக்க,
ரொட்டிக்கடை வரிசையில் நின்று
வெறும் பையோடு திரும்பிய அவ்ரிகா
கோட்டைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அதனால்தான் அக்கரை.
பல்கேரியாக்காரன் படம் காட்டுவான், பந்தாட்டம் காட்டுவான்,
தூங்கப்போகும் பிள்ளைகளுக்குப் பொம்மைகூடக் காட்டுவான்.
நசுங்கிய அலுமினியச் சட்டி, சைக்கிள் கம்பி,
பட்டறையிலிருந்து சட்டைக்குள் வந்த தாமிரச் சுருள்,
எல்லாம் கட்டித் தெற்கே திருப்புவேன்.
ஜன்னலில் அவ்ரிகாவின் தலை:
"இடப்பக்கம்! இன்னும் கொஞ்சம்! ஐயோ போச்சு, திரும்பு!"
பனிப்பொழிவுக்குள் முதலில் ஒரு மீசை,
அப்புறம் மூக்கு,
அப்புறம் முழு ஆள்.
கட்டடத்தை வேவு பார்க்கும் துதோர்
ஒருநாள் மூச்சிரைக்க ஏறிவந்தான்.
"இது குற்றம், தெரியுமா?"
தெரியும் என்றேன்.
"அரையிறுதி எத்தனை மணிக்கு?" என்றான்.

ஒரு வார்த்தை புரியாது.
புரியாததால்தானோ என்னவோ
முழுக்க நம்பினோம்.
ஒட்டிக்கொண்ட ஒரே சொல் உத்ரே.
வானிலைப் பெண் வரைபடத்தின்மேல் கைவைத்துச் சொல்வாள்:
உத்ரே, மேகம். உத்ரே, மழை.
நாளை என்று அர்த்தம்.
எங்கள் நிலையத்துக்கு நாளை என்பது
ஐந்தாண்டுத் திட்டத்தில் மட்டும் வரும்.
ருசே நகருக்கென்று அவள் சொன்ன மழை
எல்லைக் காவலரைக் கேட்காமல்
எங்கள் கொடித்துணியையும் நனைத்தது.

இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு அலைவரிசை.
கேபிள் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது,
முழங்காலுக்கு மொட்டைமாடி மறந்துவிட்டது.
செய்தியில் ஆறு கட்டம், ஆறு தலை,
ஆறும் என் மொழி, ஆறும் ஒரே சமயம்.
கீழே சிவப்புப் பட்டை:
சற்றுமுன், சற்றுமுன்.
காலையில் நடந்தது ராத்திரி வரைக்கும் சற்றுமுன்.
அவ்ரிகா ஒலியை அணைத்துவிட்டு
உருளைக்கிழங்கு சீவுவாள்.
"இப்பதான் பல்கேரியன் மாதிரி இருக்கு."

போன மாதம் அந்தப் பட்டையில்
எங்கள் தெருப்பெயர் ஓடியது.
வெள்ளம்!
கணுக்கால் தண்ணீரில் நின்று
ஒரு பெண் ஒலிவாங்கியில் கத்திக்கொண்டிருந்தாள்.
ஜன்னலைத் திறந்தேன்.
தெரு காய்ந்து கிடந்தது.
மருந்துக்கடை வாசலில் குழாய் உடைந்து ஒரு குட்டை,
குட்டைக்கு நடுவே அவள்.
கேமராக்காரன் தரையோடு தரையாய் மண்டியிட்டிருந்தான்,
குட்டையை ஆறாக்க.

எனக்குக் கோதுமை ஞாபகம் வந்தது.
அன்று பொய்யை வாசித்தவருக்கு
முகம் அசையவே அசையாது. இவளோ
தொண்டை கிழியக் கத்துகிறாள்.
எது மேல் என்று கேட்டேன்.
அவ்ரிகா எட்டிப் பார்த்தாள்.
"அந்தப் பொண்ணுக்குக் கால் நனைஞ்சிருக்கு."

இலின்கா என்று பேர்.
கழிப்பறை கேட்டு மேலே வந்தவள்
அவ்ரிகாவின் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு
சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள்.
பெட்டிக்குள் அவளே
மறுபடி மறுபடி மூழ்கிக்கொண்டிருந்தாள்.
"அணைக்கலாமா?" என்றாள்.
அணைத்தோம்.
"இன்னும் ஆழமா இடம் கிடைக்குமான்னு நிலையத்துல கேக்குறாங்க,"
சூப்புக்குள் சொன்னாள்.

புறப்படும்போது கேட்டேன்,
நாளைக்கு மழை உண்டா?
கைபேசியைத் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள்.
ஒன்று முப்பது சதவீதம் என்றது,
இன்னொன்று எழுபது.

அவ்ரிகா தெற்கு ஜன்னலில் நின்றாள்.
அக்கரையில், ருசேயின் புகைபோக்கிகளுக்குப் பின்னால்
கறுத்துக்கொண்டு வந்தது.
"உத்ரே இல்ல," என்றாள், "இப்பவே,"
கொடித்துணி எடுக்கக் கூடையைத் தேடினாள்.